இடது கால் பின்னால்

எங்கள் பள்ளியில் நடனம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் காலத்து மிஷன் பெரியவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்து என்னைத் திருத்துவார்கள். நடனம் பாவம். ஆணும் பெண்ணும் தோளில் கை போட்டுச் சுற்றுவது மகா பாவம். ஆகவே வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நாங்கள் செய்ததற்குக் கால அட்டவணையில் 'தாளப் பயிற்சி' என்று பெயர். தாளப் பயிற்சியில் ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் கை வைத்துக்கொண்டு, மூன்று எண்ணிக்கைக்கு ஒரு முறை திரும்பித் திரும்பி மண்டபத்தைச் சுற்றி வருவாள். அதையே வெளியே கிளப்பில் செய்தால் வால்ட்ஸ். எங்கள் மண்டபத்துக்குள் செய்தால் முதுகெலும்புக்கு நல்லது.

அறுபதுகளின் கடைசி. கொடைக்கானலில் நான் படித்தது பெண்கள் பள்ளி. அப்பா அங்கே தச்சராக இருந்ததால் எனக்கு இடம் கிடைத்தது. தாளப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸம்மா. பெண்கள் பள்ளியில் ஆணுக்கு எங்கே போவது? உயரமானவர்கள் எல்லாம் ஆண்கள் என்று அவர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். ஆண்களின் கையில் சிவப்பு நாடா கட்டப்படும். பதினான்கு வயதில் நான் வகுப்பிலேயே உயரம். முதல் நாள் கட்டிய நாடாவைப் பள்ளி முடிக்கும் வரை யாரும் அவிழ்க்கவில்லை. குட்டையாக இருந்தவர்கள் சிலர் இடையில் வளர்ந்து ஆணானார்கள். ஆனவர்கள் யாரும் திரும்பப் பெண்ணாகவில்லை.

வால்ட்ஸ் சுற்று ஒன்றும் மந்திரம் இல்லை, ஆறு அடி. ஆண் முதலில் வலது காலை முன்னால் வைக்க வேண்டும், குதிகால் முதலில் தரையில் பட. அடுத்து இடது கால் பக்கவாட்டில், இப்போது விரல்களின் மேல் எழும்பி. பிறகு வலது கால் அதனோடு வந்து சேரும். சேர்ந்த பிறகுதான் குதிகால் இறங்கும். அதோடு பாதிச் சுற்று முடிந்து முகம் பின்பக்கம் திரும்பியிருக்கும். மீதி மூன்று அடியில் ஆண் இடது காலைப் பின்னால் வைத்து, மிச்சத்தைச் சுற்றி முடிப்பான். பெண்ணுக்கு இதெல்லாம் தலைகீழ்: அவள் இடது காலைப் பின்னால் வைத்துத் தொடங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் ஆளுக்குப் பாதி முன்னால், பாதி பின்னால், சமம்தான். ஆனால் எப்போது தொடங்குவது, எந்தப் பக்கம் போவது, தூண் எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது என்பதெல்லாம் ஆணின் பொறுப்பு. பெண் அவன் கண்ணை நம்பிப் பின்னால் போக வேண்டும்.

நான்கு வருடம் நான் யார் யாரையோ தூணில் இடிக்காமல் கூட்டிப் போனேன். என்னை யாரும் எங்கேயும் கூட்டிப் போனதில்லை.

பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து, அதே ஊரில் ஒரு சின்னப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகள் பிறந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் நான்கு பேர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்து போய்விட்டார்கள். நால்வரும் காப்பி குடித்தார்கள், கேக் சாப்பிட்டார்கள், செபம் செய்தார்கள். எல்லாம் முடிந்து, "பொண்ணு கொஞ்சம் ஒசரம்" என்று எங்கள் சபை உபதேசியார் மூலம் சொல்லி அனுப்பினார்கள். உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் குறை தெரியவில்லை. காப்பித் தட்டை எடுக்க எழுந்தேன், அங்கேதான் தப்பு.

அந்த வருடம் ஏப்ரலில் ஏரிக்கு மேலே இருந்த கிளப்பின் செயலாளர் எங்கள் தலைமையாசிரியையைப் பார்க்க வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், கிளப்பில் அவர்கள் விட்டுப்போன ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். பில்லியர்ட்ஸ் மேஜை, சுவரில் காட்டுமாட்டுத் தலை, சாப்பாட்டு மணி எல்லாம் அப்படியே இருந்தன. மே மாத சீசனில் பிற்பகல் டீயோடு நடக்கும் டீ டான்ஸும் இருந்தது. டான்ஸ் ஆடத் தெரிந்த உறுப்பினர்கள்தான் இல்லை. இருந்த கடைசி இரண்டு மூன்று பேரும் முந்தைய வருடம் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிட்டார்கள். ரெக்கார்டு மட்டும் இரண்டு மணி நேரம் ஓடியதாம். உறுப்பினர்கள் சுவரோரம் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட்டார்களாம்.

"டீச்சர், ஒங்களுக்கு வால்ட்ஸ் தெரியும்னு சொன்னாங்க. நம்ம மெம்பர்ஸுக்கு டர்னிங் மட்டும் கொஞ்சம் கத்துக்குடுத்தாப் போதும்ங்க" என்று செயலாளர் என்னை வரவழைத்துச் சொன்னார்.

"லேடீஸுக்கும் சேத்தா?" என்று கேட்டேன். பெண்ணின் அடி எனக்குச் சொல்லத்தான் தெரியும், ஆடத் தெரியாது.

"லேடீஸுக்கு எதுக்குங்க? வீட்டுக்காரர் இழுக்குற பக்கம் வந்துட்டுப் போறாங்க. கமிட்டியில பேசியாச்சு."

கமிட்டி இன்னொன்றும் பேசி முடித்திருந்தது. டீச்சர் எந்த உறுப்பினரையும் தொடக்கூடாது. இது மனைவிமார் போட்ட நிபந்தனை, நியாயமானதும்கூட. ஆனால் கை கட்டிக்கொண்டு வால்ட்ஸ் பழக முடியாதே. கடைசியில் தீர்வு கண்டுபிடித்தவர் ஓய்வுபெற்ற ஒரு கலெக்டர். வீட்டிலிருந்து அவரவர் தலையணையைக் கொண்டு வரட்டும் என்று ஆணையிட்டார்.

அப்படியாக, ஆறு வாரம், சனிக்கிழமை தோறும் மதியம், மலையின் பெரிய மனிதர்கள் பதினோரு பேர் ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வரிசையாக நின்றார்கள். தலையணைகளை டிரைவர்கள் காரிலிருந்து எடுத்து வந்து கொடுப்பார்கள். கலெக்டருடையதில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று பூத்தையல் போட்டிருந்தது. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, "வலது கால் முன்னால், குதிகால்" என்பேன். பின்னாலிருந்து பதினோரு விதமான சத்தம் வரும்.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவருக்கு லெஃப்ட் ரைட் தவிர வேறு கணக்கு உடம்பில் ஏறவில்லை. மூன்று எண்ணிக்கை முடிந்ததும் அவருக்கு மட்டும் நான்காவது ஒன்று மிச்சமிருக்கும்; அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும், பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர் காலில் வைத்தார். மேல்மலைப் போளூர்ப் பக்கம் உருளைக்கிழங்குக் காடு வைத்திருந்தவர் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை மடக்கித் தூக்கி, பாத்தி மிதிபடாமல் தாண்டித் தாண்டி வைப்பார். மதுரை மில்காரர், மெழுகு போட்டுப் பளபளவென்றிருந்த மரத்தரையைப் பார்த்ததும் பக்தி வந்து பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டார். காலுறையோடு அந்தத் தரையில் முதல் சுற்றுச் சுற்றினார். தலையணை இருந்ததால் அடி படவில்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் தாண்டிக்குடிப் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் உதவி மேனேஜர். முப்பது வயது, எங்களைப் போலவே கிறிஸ்தவ வேதக்காரர், என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். தலையணையை அவர் மட்டும்தான் நசுக்காமல் பிடித்திருந்தார். இரண்டாவது சனிக்கிழமை கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், பாதம் எப்பத் திரும்புதுங்க? கால வைக்கும்போதேவா, வச்ச பொறகா?"

அதுவரை யாரும் கேள்வியே கேட்டதில்லை. கேட்டாலும் டீ எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். நான் திரும்பி அவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். வைக்கும்போது நேராகத்தான் வைக்க வேண்டும். திருப்பம் நடப்பது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில். வைக்கும்போதே திருப்பினால் உடம்பு பின்தங்கிவிடும், வைத்து முடித்துத் திருப்பினால் முழங்கால் போய்விடும். அவர் ஒரு முறை செய்து பார்த்தார். குதிகால் நேராக இறங்கியது, பாதம் உருண்டது, உடம்பு திரும்பியது, இடது கால் தானாக வந்து பக்கத்தில் நின்றது. அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் எப்படியோ, எனக்குக் காதல் குதிகாலில் தொடங்கியது.

ஐந்தாவது வாரம் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அந்த உதவி மேனேஜரின் அம்மாவும். கணவரை இழந்து, மகனோடு எஸ்டேட் பங்களாவில் இருந்த அம்மா. கனமான உடம்பு, கணீரென்ற குரல். எழுந்து நில் என்று என்னைச் சொல்லவேயில்லை. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"ஒசரம்லாம் எங்களுக்கு ஒரு பேச்சே இல்ல. எம் மகனும் ஒசரந்தான்" என்றார். "எங்க பெரிய தொரை இந்த வருசத்தோட போறாரு. அந்த எடத்துக்கு எம் மகனப் போடணும். மேலாபீஸ்ல இருந்து டீ டான்ஸுக்கு வாராக. பொஞ்சாதி நாலு பேரோட பழகுறவளா, டான்ஸ் ஆடுறவளான்னுதான் பாப்பாகளாம். நீ எம் மகனோட ஒரு பாட்டுக்கு ஆடு தாயி, கமிட்டிட்ட நான் பேசிக்கிறேன். பாத்துட்டு மறுநாளே நிச்சயத்தை வச்சுக்கிருவோம்."

பெரிய துரை கோயம்புத்தூர்க்காரர். துரை என்பது நாற்காலியின் பெயர், யார் உட்கார்ந்தாலும் துரைதான். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். எஸ்டேட்டும் பங்களாவும் வேண்டாம், அந்த உதவி மேனேஜர் வேண்டும். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் விரல் விட்டு நாளை எண்ணினேன். பத்து நாளில் நான் பெண்ணாக வேண்டும்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆணின் அடிதான் உடம்பில் ஊறியிருக்கிறது, பெண்ணின் அடி பழக்கமில்லை என்று ஒரே வார்த்தை. ஆனால் நான் டீச்சர். பாடத்தில் பாதி தனக்கே வராது என்று ஒத்துக்கொண்ட டீச்சரை நான் இதுவரை பார்த்ததில்லை; முதல் ஆளாக இருக்க எனக்கு விருப்பமும் இல்லை.

எங்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் எனக்குச் சிநேகிதி. என் தோளுக்குத்தான் வருவாள். மலையில் லீவு குளிர்காலத்தில்தான் என்பதால் பள்ளி நடந்துகொண்டிருந்தது; மாலை விட்டதும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அவளுக்கு ஆணின் அடியைச் சொல்லிக்கொடுத்து என்னைக் கூட்டிப் போகச் சொன்னேன். முதல் நாள் அவள் கரும்பலகையில் போய் முட்டினாள்.

"அக்கா, நான் எங்க உங்களக் கூட்டிட்டுப் போறேன்? நீங்கதான் என்னைய அள்ளிக்கிட்டுப் போறீங்க!"

இடது கால் பின்னால், இடது கால் பின்னால் என்று வாய் சொல்லும். வலது கால் அதற்குள் முன்னால் போய்விட்டிருக்கும். பின்னால் போகும்போது கழுத்து தானாகத் திரும்பி எங்கே போகிறோம் என்று பார்க்கும். இதோடு சேலை வேறு. பள்ளியில் ஆடியபோது எல்லோருக்கும் பாவாடை, முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். சேலையில் பின்னால் கால் வைத்தால் குதிகால் நேராகப் போய்க் கரையின் மேல் உட்காரும். மிஸ்ஸம்மாவின் ஊரில் இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நான் எட்டு வைப்பதைக் குறுக்கிக் குறுக்கிப் பழகினேன். பத்தாம் நாள், பத்துச் சுற்றுக்கு ஆறு சரியாக வந்தது. மீதி நான்கை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சிநேகிதி சொன்னாள். கணக்கு டீச்சர் அப்படிச் சொன்னது எனக்குத் தைரியம் தரவில்லை.

டீ டான்ஸ் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிய வேண்டும். தாண்டிக்குடி ஜீப்புகள் காட்டுமாடு இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படி. கால் எளிதாக வழுக்கட்டும் என்று தரையில் முகப்பவுடர் தூவியிருந்தார்கள். தலையணைகளுக்குப் பதிலாகப் பட்டுச்சேலையும் ஸ்வெட்டருமாக மனைவிமார் நின்றார்கள். மேலாபீஸ் ஆட்கள் இரண்டு பேர், கழுத்தில் டையோடு, முதல் வரிசையில். அவருடைய அம்மா அந்த இருவருக்கும் அடுத்த நாற்காலியில், உபதேசியார் பக்கத்தில். சிநேகிதி கதவோரம் நின்று எனக்காகச் செபம் செய்தாள்.

ரெக்கார்டு ஓட ஆரம்பித்தது. அவர் என் முதுகில் கை வைத்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன்; கை சரியாகத்தான் போனது. எண்ணினேன். ஒன்று என்றதும் என் வலது கால் முன்னால் போனது. அவர் வலது காலும் முன்னால் வந்தது. முழங்கால் முழங்காலோடு மோதியது. எலும்புச் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி எண்ணினேன். மறுபடி வலது கால். மூன்றாம் தடவையும் அதே.

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஒன்றுக்கு அவர் இடது காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் முன்னால், அவர் பின்னால். நான் நினைத்த இடத்தில் அவர் திரும்பினார். தூண் வந்தது, ஒதுக்கினேன், ஒதுங்கினார். போலீஸ் அதிகாரி தன் நான்காவது அடியோடு குறுக்கே வந்தார், நிறுத்தினேன், நின்றார். அடிகள் நான் சொல்லிக்கொடுத்தவைதான், சுற்றின் இரண்டாம் பாதி. ஆனால் அந்த இணக்கத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தடவைகூட அவர் தலை திரும்பிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கே கற்றார் என்று ஆடிக்கொண்டே வியந்தேன்.

ஒருவரும் தப்பைக் கண்டுபிடிக்கவில்லை. எது சரி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. பாட்டு முடிந்ததும் மேலாபீஸ்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள், கலெக்டர் "எக்ஸலன்ட்" என்றார், மில்காரர் இந்தத் தடவை பூட்ஸோடு நின்று தட்டினார்.

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "பாத்தீங்களா உபதேசியாரே, எடுத்த எடுப்புல வலது கால முன்னால வச்சா! மருமக வீட்டுக்குள்ள வாறப்ப வைக்கிற மாதிரியே! ஒரு தடவ இல்ல, மூணு தடவ! பிதா, குமாரன், பரிசுத்த ஆவி!" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாலும் மண்டபத்துக்குக் கேட்கும். "அவன எப்படி வாகாக் கொண்டு போனா பாருங்க. நாளைக்கே நிச்சயம்."

வேதக்காரர்கள் ஆகி நான்கு தலைமுறை ஆனாலும் எங்கள் ஆட்கள் வலது காலை மட்டும் மதம் மாற்றவில்லை. என்னுடைய தப்புதான் அந்த அம்மாவுக்குச் சுபமாகிவிட்டது. ஆக, ஜெயித்துவிட்டேன். நான் அப்போது செய்ய வேண்டியதெல்லாம் உட்கார்ந்து டீ குடிப்பது மட்டுமே.

அவர் எனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், நீங்க எப்பவும் ஜென்ட்ஸ் பார்ட்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா. நாலு வருசம்."

"பரவால்ல. எனக்கு இது சொகமாத்தான் இருந்துச்சு."

அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கையில் கட்டிவிட்ட சிவப்பு நாடாவின் மேல். இவரோடாவது ஒரே ஒரு தடவை, நான் எதையும் பார்க்காமல், எந்தத் தூணையும் எண்ணாமல் போக வேண்டும் என்று ஆசை வந்தது. வந்த ஆசையை அடக்கும் குணம் என்னிடம் கிடையாது.

"இன்னொரு பாட்டு இருக்கு. இப்ப நீங்க என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அவர் ஒரு முறை அம்மா இருந்த பக்கம் பார்த்தார். அம்மா மேலாபீஸ்காரருக்கு மருமகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கோப்பையை வைத்துவிட்டு வந்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஒன்று என்றதும் என் இடது கால் பின்னால் போனது. தானாகப் போனது. பக்கத்தில் வலது கால், எழும்பி, சேர்ந்து, இறங்கி. நான் எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. முதுகில் இருந்த அந்தக் கை சொன்னது, போனேன். கண்ணைத் திறந்தபோது அவர் சட்டையின் மேல் பொத்தான் மட்டும் தெரிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வேறு வார்த்தை போட்டு அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

நான்காவது சுற்றில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எஸ்டேட் மேட்டில் நடந்து பழகிய கால், நீளமாக ஓர் எட்டு வைத்தார். நானே நடத்தும்போது என் சேலைக்கு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? என் குதிகால் கரையின் மேல் இறங்கியது. சேலை இழுத்தது. முகப்பவுடர் தூவிய தரை. தொம்மென்று உட்கார்ந்தேன்.

ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாக. அவரும் சிரித்துக்கொண்டே குனிந்து கையை நீட்டினார்.

"தம்பி, நேரமாச்சு" என்று அம்மாவின் குரல் வந்தது.

நீட்டிய கை பாதி வழியில் நின்றது. நான் அதைப் பிடிக்கப் போனபோது அது அங்கே இல்லை. சிநேகிதி ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டாள். தூக்க முடியாமல் அவளும் தடுமாறினாள்.

வாசலில் அம்மா உபதேசியாரிடம் பேசிக்கொண்டிருந்தது உள்ளே வரை கேட்டது. "இந்தத் தடவ எடுத்த எடுப்புல இடது காலப் பின்னால வச்சா பாருங்க, அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. எங்கயாச்சும் பொண்ணு இடது கால வைப்பாளா, அதுவும் பின்னால? அடுத்த நிமிசம் விழுந்து கெடக்கா. எனக்கு மனசு ஒப்பல."

"நாம வேதக்காரங்க, சகுனம் பாக்கலாமாங்கம்மா?" என்றார் உபதேசியார்.

"சகுனம் யாரு பாத்தா? ஆண்டவர் காட்டுறாரு, நான் பாக்குறேன்."

உபதேசியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏரியைப் பார்த்தார்.

நான் நொண்டிக்கொண்டே வெளியே போனேன். அவர் ஜீப்பின் பக்கத்தில் சாவியோடு நின்றிருந்தார். மானம் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

"நீங்க சொல்லுங்க. நான் சரியாத்தான வச்சேன்?"

"சரியாத்தான் வச்சீங்க, டீச்சர். நான்தான் எட்டப் பெருசா வச்சுட்டேன்."

"அதை உங்க அம்மாட்டச் சொல்லுங்க."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். எவ்வளவு நல்ல கால்கள். "சொன்னாக் கேக்க மாட்டாங்க" என்றார்.

"கேக்காட்டிப் போகட்டும். நீங்க சொல்லுங்க."

அதற்குள் அம்மா வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்க தாயி, மஞ்சப்பத்து போடு" என்றார். கோபமே இல்லை, நிஜமான அக்கறை. பிறகு மகனிடம், "வண்டிய எடு, வெரசா. இருட்டிரும்" என்றார்.

கிளப் வாசலில் ஜீப்பைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் கலெக்டரின் அம்பாசடர், மறு பக்கம் ஆள் ஆழத்துக்குச் சாக்கடை. கேட் வரை சரிவில் பின்னாலேயே எடுத்தாக வேண்டும். டிரைவர்களே பயப்படும் இடம். அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அம்மா ஏறவில்லை. ஜீப்புக்கு முன்னால் வந்து, அவரைப் பார்த்தபடி நின்றார். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார்.

"வரட்டும்" என்றார்.

ஜீப் பின்னால் நகர்ந்தது. அம்மா ஓர் அடி முன்னால் வைத்தார்.

"வரட்டும், வரட்டும். இந்தப் பக்கம் ஒடி. போதும். நேரா."

அம்மா ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தார், ஜீப் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தலையை வெளியே நீட்டிச் சாக்கடை எங்கே என்று பார்க்கவில்லை. அம்மாவின் கையை மட்டும் பார்த்தார். கை நின்றால் வண்டி நின்றது, கை சாய்ந்தால் சக்கரம் சாய்ந்தது. அம்பாசடரில் ஒரு கீறல் விழவில்லை.

முதல் பாட்டில் நான் ஏன் அவ்வளவு நன்றாக ஆடினேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் ஆடவைக்கவில்லை. முப்பது வருடமாக ஆடிப் பழகியவரின் எதிரே போய் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஜீப் நின்றதும் அம்மா ஏறிக் கதவைச் சாத்தினார். நான் போர்டிகோவிலேயே நின்றிருந்தேன், ஸ்டியரிங் பிடித்திருந்த அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அம்மா கை காட்டவில்லை.